ஒரே ரத்தம், ஐந்து சாயம், மூன்று தண்ணீர்: ஸ்மியர் போட எதை நம்பலாம்?

போன வருடம் மழைக்காலத்தில் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வந்த ஒருவருக்குப் பாலக்கோட்டில் எங்கள் லேபில் ஸ்மியர் போட்டேன், அதாவது கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சாயம் போட்டேன். மறுநாளே அவர் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய், அங்கே வேறொரு லேபில் மறுபடியும் ரத்தம் கொடுத்திருக்கிறார். இரண்டு ஸ்லைடும் எப்படியோ ஒரே பெத்தாலஜிஸ்ட் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மாலையில் போன். "தம்பி, இது ரெண்டும் ஒரே ஆளுன்னு சொன்னா நான் நம்பணுமா?" என்னுடையதில் சிவப்பணுக்கள் எல்லாம் சாம்பல் பூத்த நீலம். ஓசூர் ஸ்லைடில் எல்லாமே பஞ்சுமிட்டாய் நிறம், நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணுவின் நியூக்ளியஸ்கூட வெளிறிப் போயிருந்ததாம். "பாலிகுரோமேசியா இருக்குன்னு எழுதினா உன் ஸ்லைடுக்கு எழுதினதா ஆகும், இல்லைன்னு எழுதினா அவங்க ஸ்லைடுக்கு. நோயாளிக்கு எதை எழுதறது?" என்றார் அந்த டாக்டரம்மா. (பாலிகுரோமேசியா என்றால் இளம் சிவப்பணுக்கள் நீலம் கலந்து தெரிவது.) எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் இரண்டு பேரும் போட்டது லீஷ்மேன் என்ற ஒரே சாயம்தான்.

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்து வந்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் ரத்தத்தையே, உறையாமல் வைக்கிற ஈடிடிஏ குழாயில் எடுத்து, ஒரே மாதிரி ஸ்மியர் இழுத்து, லீஷ்மேன், ஜீம்சா, ஜேஎஸ்பி, மூன்று ஜாடி ரேபிட் ஸ்டெயின் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவதான அசூர் பி – ஈயோசின் ஒய்யை நானே போடவில்லை. சேலத்தில் ஒரு பெரிய லேபில் வேலை செய்யும் நண்பரிடமிருந்து போட்ட ஸ்லைடு கிடைத்தது, ஏன் போடவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். தண்ணீரும் மூன்று வகை: போர் தண்ணி, ஆர்ஓ கேன் தண்ணி, பிஎச் 6.8 பஃபர் (அமில–கார அளவான பிஎச்சை மாறாமல் நிறுத்துகிற கரைசல்). இது ஆராய்ச்சி எல்லாம் இல்லை, ஒரு டெக்னீஷியன் தன் சந்தேகத்துக்குச் செய்தது. ஆனால் முடிவு எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. சாயத்துக்கும் சாயத்துக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே சாயம் மூன்று தண்ணீரில் காட்டிய வித்தியாசம் பெரிது.

இந்தச் சாயங்கள் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கின்றன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈயோசின் அமிலச் சாயம், ஹீமோகுளோபினையும் ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் குருணைகளையும் பிடித்துச் சிவப்பாக்கும். மெத்திலீன் நீலம் காரச் சாயம், நியூக்ளியஸையும் ஆர்என்ஏ உள்ள சைட்டோபிளாசத்தையும் பிடித்து நீலமாக்கும். இரண்டுமே முதலில் துணிக்குப் போடக் கண்டுபிடித்தவை, மெத்திலீன் நீலம் 1876-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனியில் ஹைன்ரிக் காரோ செய்தது. ஆனால் நாம் ஸ்லைடில் தேடுகிற அந்த ஊதா, லிம்ஃபோசைட் நியூக்ளியஸிலும் மலேரியாக் கிருமியின் குரோமாட்டின் புள்ளியிலும் வருகிற நாவற்பழ நிறம், இந்த இரண்டையும் வெறுமனே கலந்தால் வராது. மெத்திலீன் நீலம் பழசாகி, ஆக்சிஜன் ஏறி, அதில் ஒரு பங்கு அசூர் பி ஆக மாற வேண்டும். அந்த அசூர் பி-யும் ஈயோசினும் சேர்ந்தால்தான் ஊதா. 1891-ல் ரஷ்யாவில் ரோமனோவ்ஸ்கியும், அதே வருடம் தனியாக மலஹோவ்ஸ்கியும் இதைப் பிடித்தார்கள். ரோமனோவ்ஸ்கி பயன்படுத்தியது பூஞ்சணம் பூத்துப்போன பழைய மெத்திலீன் நீலம் என்று லேப்களில் கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, "பழசானால் நன்றாக வரும்" என்பது மட்டும் நிஜம்.

அங்கேதான் சிக்கலும். பழுக்க வைப்பது என்றால் எவ்வளவு பழுக்க வைப்பது? கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஒரே நாளில் பறித்து ஒரே கூடையில் வைக்கோல் போட்டு மூடிய மாங்காய்கூட ஒன்றுபோல் பழுப்பதில்லை. மெத்திலீன் நீலத்தைக் காரத்தோடு சூடாக்கினால் அசூர் பி மட்டும் வருவதில்லை, அசூர் ஏ, அசூர் சி, மெத்திலீன் வயலட், தயோனின் என்று ஒரு குடும்பமே வரும், மிச்சம் மாறாத மெத்திலீன் நீலமும் இருக்கும். எந்த பேட்சில் எது எவ்வளவு என்பது தயாரித்தவருக்கே பல நேரம் தெரியாது. 1901-ல் லீஷ்மேன், 1902-ல் அமெரிக்காவில் ரைட், 1904-ல் ஹாம்பர்க்கில் ஜீம்சா, எல்லோருமே இந்தப் பழுக்க வைக்கிற வேலையைத் தங்கள் வழியில் கட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தவர்கள்தான். இன்று பாட்டில் மேல் இருக்கிற பெயர்கள் எல்லாம் அவர்களுடைய தனித்தனிச் சமையல் குறிப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கிற சரக்கு கிட்டத்தட்ட ஒரே குடும்பம்.

சரி, ஒவ்வொன்றாக.

லீஷ்மேன்

நம் பக்கத்துச் சின்ன லேப்களில் பத்தில் எத்தனை என்று எண்ணவே வேண்டாம், போகிற இடமெல்லாம் லீஷ்மேன்தான். காரணம் எளிது: மெத்தனாலில் கரைத்த சாயம் என்பதால் தனியாக ஃபிக்ஸ் பண்ண வேண்டாம். ஸ்லைடு மேல் ஊற்றி 2 நிமிடம் விட்டால் மெத்தனாலே செல்லைப் பிடித்து நிறுத்திவிடும், அப்புறம் இரண்டு மடங்கு பஃபர் ஊற்றி, ஊதிக் கலந்து, 7 முதல் 10 நிமிடம். கழுவி, நிறுத்திக் காயவைத்தால் வேலை முடிந்தது. ஒரே பாட்டில், ஒரே ட்ராப்பர், ஒரு ராக்.

பவுடர் வாங்கிக் கரைப்பதா, ரெடி சொல்யூஷன் வாங்குவதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. பவுடர் என்றால் 100 மில்லி மெத்தனாலுக்கு 0.15 கிராம் கணக்கு. சிலர் 0.2 போடுவார்கள். அசிட்டோன் கலக்காத நல்ல மெத்தனால் வேண்டும், வெந்நீர்த் தொட்டியில் வைத்துத்தான் இளஞ்சூடு பண்ண வேண்டும் (அடுப்பு பக்கம் கொண்டுபோகவே கூடாது, குப்பென்று பிடிக்கும், ஆவியும் விஷம்), பழுப்பு பாட்டிலில் சில நாள் வைத்துப் பக்குவம் பார்க்க வேண்டும். நான் பத்து வருடம் பவுடர் கட்சி. நிறம் ஆழமாக வரும் என்பது என் வாதம். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது: நான் கரைக்கும் ஒவ்வொரு முறையும் எடை கொஞ்சம் மாறுகிறது, மெத்தனால் டின் திறந்து எத்தனை நாள் ஆனது என்பது மாறுகிறது, பக்குவ நாள் மாறுகிறது. ரெடி சொல்யூஷனில் அந்த மூன்றும் என் கையில் இல்லை, ஒரு லாட் தீரும்வரை ஒன்றுபோல் வருகிறது. நன்றாக வருகிறதா என்பது வேறு, ஒன்றுபோல் வருகிறதா என்பது வேறு. தரப்படுத்தல் என்று பார்த்தால் இரண்டாவதுதான் முக்கியம். ஆகவே கட்சி மாறிவிட்டேன், கொஞ்சம் மனக்கசப்போடுதான்.

மெத்தனாலைப் பற்றி இன்னொன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத பாட்டிலில் தண்ணீர் ஏறிவிட்டால், சிவப்பணுக்களுக்குள் பூச்சி அரித்த மாதிரி பளபளக்கும் ஓட்டைகள் தெரியும். புதிதாக வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லா செல்லுக்குள்ளயும் ஏதோ கிருமி" என்று பதறிப்போனான். கிருமி இல்லை தம்பி, ஈரம்.

லீஷ்மேனின் பெரிய குறை டிபோசிட், அதாவது சாயத் துகள் ஸ்மியர் மேல் படிவது. பஃபர் ஊற்றியதும் மேலே பால் ஏடு மாதிரி பளபளவென்று ஒரு படலம் மிதக்கும். ஸ்லைடைக் கவிழ்த்துவிட்டுக் கழுவினால் அந்த ஏடு அப்படியே ஸ்மியர் மேல் படிந்துவிடும். கவிழ்க்காமல், கிடைமட்டமாக வைத்தபடியே தண்ணீரால் அடித்து ஏட்டைத் தள்ளிவிட்டு, பிறகுதான் சாய்க்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. டெங்கு சீசனில் மெஷின் பிளேட்லெட் 30,000 என்று காட்டும்போது, ஸ்மியரில் கண்ணால் சரிபார்க்கிறோம். ஆயில் இம்மர்ஷனில் ஒரு ஃபீல்டுக்கு ஒரு பிளேட்லெட் என்றால் சுமார் 15,000 முதல் 20,000 என்று கணக்கு. அப்போது இந்த டிபோசிட் துணுக்குகளைப் பிளேட்லெட் என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபைன் ஃபோகஸைத் திருப்பிப் பாருங்கள்: டிபோசிட் செல்களோடு ஒரே தளத்தில் இருக்காது, கருநீலமாகக் கூர்கூராகத் தெரியும். பிளேட்லெட் உள்ளே மெல்லிய குருணையோடு இருக்கும், சிவப்பணு மேல் உட்கார்ந்திருந்தால் சுற்றி ஒரு வெளிர் வளையம் தெரியும்.

லீஷ்மேன் என்ற பெயருக்கும் நம்ம மெட்ராசுக்கும் ஒரு தொடர்பு உண்டு, சொல்லாமல் போக மனசில்லை. கல்கத்தா பக்கத்து டம்டமில் இருந்துவிட்டுப் போன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மேன் பார்த்த உருண்டைகளை 1903-ல் அவர் எழுத, அதே வருடம் மெட்ராசில் சார்லஸ் டோனோவனும் தன் நோயாளிகளிடம் அதையே கண்டார். காலா அசார் என்ற காய்ச்சல் நோயின் கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்தது அப்படித்தான்.

தண்ணீர்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீர் என்பது தனிக் கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம் என்கிற காலம் இருந்தது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கியது. குடிக்கக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் லேப் சிங்கில் வருவது பல இடங்களில் இன்னும் போர் தண்ணிதான்.

ஸ்டெயினைக் கெடுப்பது ஃபுளோரைடு இல்லை, அதன் மேல் பழி போட வேண்டாம். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரில் பெரும்பாலும் கூடவே பைகார்பனேட்டும் நிறைய இருக்கும். அது தண்ணீரைக் காரமாக்கும். காரம் ஏறினால் ஈயோசின் செல்லைப் பிடிக்காது, நீலச் சாயம் கை ஓங்கும். என் ஸ்லைடு ஏன் நீலமாக இருந்தது என்றால் இதுதான்: அந்த வாரம் பஃபர் தீர்ந்துபோய், அவசரத்துக்கு போர் தண்ணியைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்தியிருந்தேன். கொதிக்கவைத்தால் சுத்தமாகும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கொதிக்கும்போது கரிவாயு வெளியேறி காரம் இன்னும் ஏறத்தான் செய்யும்.

ஓசூர் ஸ்லைடு ஏன் சிவப்பு? விசாரித்ததில் அவர்கள் ஆர்ஓ கேன் தண்ணியைப் பஃபருக்குப் பதில் ஊற்றியிருந்தார்கள். ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் போய்விடுகின்றன, எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை, காற்றில் இருக்கிற கரிவாயு கரைந்தாலே அமிலப் பக்கம் சாய்ந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் அப்படித்தான், திறந்து வைத்தால் பிஎச் 5.6 வாக்கில் வந்து நிற்கும். சில லேப்களில் இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரி தண்ணியையே ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். "சுத்தமான தண்ணி அண்ணா" என்பார்கள். சுத்தம் வேறு, பிஎச் வேறு. அமிலத்தில் ஈயோசின் தூக்கலாக வரும், நியூக்ளியஸ் வெளிறும், பாலிகுரோமேசியா மறைந்துபோகும். ஆக, அன்று எங்கள் இருவர் ஸ்லைடிலும் நோயாளியின் ரத்தத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம் பேசியது.

இதற்கு மருந்து பாஸ்பேட் பஃபர். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், இரண்டையும் ஒரே செறிவில் கரைத்து ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தால் 6.8 வரும். டைசோடியத்தைக் கூட்டினால் 7.2 வரை ஏற்றலாம். சிரமம் என்றால் பஃபர் மாத்திரை கிடைக்கிறது, உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்தால் போதும். ஆனால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கரைக்க வேண்டும். நம்ம ஊர் கடினத் தண்ணியில் கரைத்தால் கால்சியம் பாஸ்பேட் ஆகி அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கிவிடும். அப்புறம் பஃபரும் ஊசிப்போகும், பாசி பிடிக்கும். ஃபிரிட்ஜில் வையுங்கள், கலங்கினால் கொட்டுங்கள். நாள் போட்டு எழுதி ஒட்டுங்கள்.

என் ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடுகளில் பஃபர் போட்ட நான்கு சாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. போர் தண்ணியில் போட்ட லீஷ்மேனும் கேன் தண்ணியில் போட்ட லீஷ்மேனும் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி இருந்தன.

ஜீம்சா

அழகு என்று பார்த்தால் எனக்கு ஜீம்சாதான். கிளிசராலும் மெத்தனாலும் சேர்த்துக் கரைப்பதால் ஸ்டாக் நீண்ட நாள் நிற்கும். தயாரிப்பிலும் கண்டபடி பழுக்க வைத்த கலவையை நம்பாமல் அசூர் சாயங்களையே எடுத்து ஈயோசினோடு சேர்த்தது ஜீம்சாவின் புத்திசாலித்தனம். குரோமாட்டின் தெளிவாக, மலேரியாவின் சிவப்புப் புள்ளி பளிச்சென்று, வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி உட்கார்ந்த செல்லில் ஷூஃப்னர் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். இதற்கு பிஎச் 7.2 வேண்டும், 6.8-ல் அந்தப் புள்ளிகள் பல நேரம் ஏமாற்றிவிடும். லீஷ்மேனை 6.8-ல் போட்டுவிட்டு "புள்ளி இல்லை, வைவாக்ஸ் இல்லை" என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குறை என்ன? மெல்லிய ஸ்மியரை முதலில் மெத்தனாலில் தனியாக ஃபிக்ஸ் பண்ண வேண்டும். நேரமும் பிடிக்கும்: 10 சதவீதக் கரைசலில் 10 நிமிடம், 3 சதவீதத்தில் முக்கால் மணி நேரம். கலக்கிய கரைசலை மறுநாளைக்கு வைக்க முடியாது, அன்றன்றே கலக்க வேண்டும். வெள்ளையணுக் குருணைகளும் சைட்டோபிளாச நிறமும் ஜீம்சா மட்டும் போட்டால் எனக்குக் கொஞ்சம் மொட்டையாகப் படும், அதனால்தான் போன்மேரோவுக்கு (எலும்பு மஜ்ஜைக்கு) மே-கிரன்வால்டு என்ற இன்னொரு சாயத்தைப் போட்டு மேலே ஜீம்சாவைப் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்த அந்த முறை கண்ணுக்கு விருந்து. தினமும் முப்பது ஸ்மியர் வருகிற இடத்தில் அந்த விருந்துக்கு நேரம் இல்லை.

ஜேஎஸ்பி

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். 1944-ல் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் நம் நாட்டிலேயே மலேரியாவுக்கென்று செய்தது. மெத்திலீன் நீலத்தைப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் போட்டுப் பழுக்க வைத்த ஒரு கரைசல், ஈயோசின் இன்னொரு கரைசல், இரண்டிலும் தண்ணீர்தான். மெத்தனால் செலவு குறைவு, நொடிக்கணக்கில் முக்கி எடுக்கலாம், தடித்த ஸ்மியரில் மலேரியா தேட இது போதும். இந்திய மலேரியாத் திட்டத்தில் நூற்றுக்கணக்கில் ஸ்லைடு பார்த்தவர்களின் கை பழகிய சாயம் இது. மலேயாவில் ஃபீல்டு 1941-ல் கொண்டுவந்த சாயமும் இதே வேலைக்குத்தான். ஆனால் வெள்ளையணு வகைப் பிரிக்க, ரத்தப் புற்று சந்தேகப்பட்டால் பார்க்க, இவற்றை நான் தொடமாட்டேன்.

ரேபிட் மூன்று ஜாடி

இதன் மேல்தான் பசங்களுக்கு ஆசை. முதல் ஜாடி மெத்தனால், இரண்டாவது ஈயோசின், மூன்றாவது நீலம். ஒவ்வொன்றிலும் ஐந்து முழுக்கு, கழுவு, காயவை, ஒரு நிமிடத்துக்குள் ஸ்லைடு கையில். டெங்கு சமயத்தில் வாசல்வரை கூட்டம் நிற்கும்போது இந்த ஒரு நிமிடம் தெய்வம். ஏடு மிதப்பதில்லை, எனவே லீஷ்மேன் மாதிரி டிபோசிட் தொல்லையும் குறைவு. தரப்படுத்தல் கோணத்திலும் ஒரு நல்லது இருக்கிறது: சாயத்தையும் பஃபரையும் கம்பெனியே ஜாடிக்குள் சேர்த்துத் தருகிறது, ஊர்த் தண்ணியின் விளையாட்டு கழுவும்போது மட்டும்தான்.

ஆனால் ஜாடி ஜாடியாக முக்கும்போது முதல் ஜாடியின் மெத்தனால் இரண்டாவதுக்குப் போகிறது, இரண்டாவதின் ஈயோசின் மூன்றாவதுக்குப் போகிறது. திங்கட்கிழமை ஸ்லைடும் சனிக்கிழமை ஸ்லைடும் ஒன்றாக இருக்காது. ஜாடியை மாற்ற வேண்டிய நாளில் மாற்றாமல், மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பி ஓட்டுகிற பழக்கம் எங்கும் உண்டு, என்னிடமும் இருந்தது. இன்னொன்று, தண்ணீர்ச் சாயம் என்பதால் பேசோஃபில் என்ற வெள்ளையணுவின் குருணைகள் கரைந்து போய், அந்த செல்லே நியூட்ரோஃபில் மாதிரி வேஷம் போடும். நியூட்ரோஃபில் குருணையும் மங்கலாகத்தான் வரும். குருணை இல்லாத நியூட்ரோஃபில் என்றால் டாக்டர்கள் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய் வரைக்கும் யோசிப்பார்கள். நாம் ஒரு நிமிடம் மிச்சம் பிடித்ததற்கு, பாவம், ஒரு தாத்தா போன்மேரோ ஊசி வாங்க வேண்டி வரலாம்.

என் தீர்ப்பு: பிளேட்லெட் சரிபார்க்க, எஃப்என்ஏசி (கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்) ஸ்லைடு போதுமான அளவு வந்திருக்கிறதா என்று உடனே பார்க்க, ரேபிட் சரி. ரிப்போர்ட் எழுதப் போகிற பெரிஃபெரல் ஸ்மியருக்கு வேண்டாம்.

அசூர் பி – ஈயோசின் ஒய்

இதுதான் இந்தக் குடும்பத்தின் ஒழுங்கான பிள்ளை. பழுக்க வைக்கிற வேலையே இல்லை. ஊதாவுக்குத் தேவையானவை இரண்டே சரக்கு, அசூர் பி, ஈயோசின் ஒய், அவற்றைச் சுத்தமாக எடுத்து எடை போட்டுக் கலந்தால் போதும் என்பதுதான் யோசனை. ஜெர்மனியின் விட்டெகிண்ட் போன்றவர்கள் இதற்காகப் பல வருடம் வாதாடினார்கள். 1984-ல் ரத்தவியல் தரப்படுத்தலுக்கான சர்வதேசக் குழு இதையே ரோமனோவ்ஸ்கி சாயத்துக்கான (இந்தக் குடும்பம் முழுக்கவே அந்தப் பெயர்தான்) ரெஃபரன்ஸ் முறையாக வெளியிட்டது. கரைக்க மெத்தனாலோடு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான், பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பிஸ் பஃபர், பிஎச் 6.6.

நண்பர் தந்த ஸ்லைடைப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது, குறிப்பாக மோனோசைட்டின் சாம்பல் நீலமும் நியூட்ரோஃபிலின் மெல்லிய குருணையும் பிரிந்து தெரிந்த விதம். அப்புறம் ஏன் நான் போடவில்லை? விலை. சுத்தமான அசூர் பி சாதாரண லீஷ்மேன் பவுடர் விலையில் கிடைக்காது, அசூர் பி என்று லேபிள் ஒட்டி வருவதிலும் அசூர் ஏ கலந்திருப்பது புதிதல்ல. டிஎம்எஸ்ஓ தோல் வழியே உள்ளே போகும், கூடக் கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும், க்ளவுஸ் இல்லாமல் தொடவே கூடாது. எங்கள் இடத்தில் க்ளவுஸ் போடச் சொல்வதே பெரும்பாடு.

இன்னொரு காரணமும் உண்டு. இது தினப்படி வேலைக்குச் செய்ததைவிட, மற்றச் சாயங்களை அளந்து பார்க்கச் செய்தது. பாலக்கோடு தக்காளி மண்டியில் சர்க்கார் முத்திரைக் கல்லை வைத்துக்கொண்டு யாரும் தக்காளி நிறுப்பதில்லை. கடைக் கல்லை அந்தக் கல்லோடு ஒப்பிட்டு முத்திரை வாங்குகிறார்கள், அவ்வளவுதான். ரெடி சொல்யூஷன் தயாரிக்கிற கம்பெனிகள் இந்த முறையோடு தங்கள் லாட்டை ஒப்பிட வேண்டும், நாம் நம் பாட்டிலை ஒப்பிட வேண்டும். கேட்டால் தப்பில்லை: அடுத்த முறை சேல்ஸ் ஆள் வந்தால் "இந்த லாட்டை எதோடு ஒப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்டேன், அவர் டீ வாங்கித் தந்தார்.

சாயத்துக்கு முத்திரை கேட்பது ஒன்றும் புதுசு இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் வருவது நின்று, உள்ளூர்ச் சரக்கு ஆளுக்கொரு விதமாக இருந்ததால்தான் அமெரிக்காவில் சாயங்களைச் சோதித்துச் சான்று தர 1922-ல் பயாலஜிக்கல் ஸ்டெயின் கமிஷன் உருவானது. பவுடர் வாங்குவதாக இருந்தால் லேபிளில் கலர் இண்டெக்ஸ் எண்ணையாவது பாருங்கள்: ஈயோசின் ஒய் 45380, அசூர் பி 52010, மெத்திலீன் நீலம் 52015. பெயரை மட்டும் நம்பினால், ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) பார்க்கப் போட வேண்டிய நியூ மெத்திலீன் ப்ளூவுக்குப் பதில் வெறும் மெத்திலீன் ப்ளூ வந்து சேரும். இரண்டும் வேறு வேறு சரக்கு, எனக்கு ஒரு முறை வந்திருக்கிறது.

நான் இப்போது என்ன செய்கிறேன்

லீஷ்மேன் ரெடி சொல்யூஷன், பாஸ்பேட் பஃபர் 6.8, மலேரியா சந்தேகம் இருந்தால் இன்னொரு ஸ்லைடு ஜீம்சாவில் 7.2. ரேபிட் ஜாடி கூட்ட நாளுக்கு மட்டும். ஸ்மியர் இழுத்த சில மணி நேரத்துக்குள் மெத்தனால் பட்டாக வேண்டும், காயவைத்து மறுநாள் போட்டால் பிளாஸ்மாவே நீலத் திரை விரிக்கும். ஈடிடிஏவில் ராத்திரி முழுக்க இருந்த ரத்தத்தில் சாயத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை, செல்லே கெட்டிருக்கும்.

நேரத்தை மட்டும் யாரிடமும் கடன் வாங்க முடியாது. ஏப்ரலில் தர்மபுரி வெயிலில் ஸ்லைடு மேல் மெத்தனால் பறந்துவிடுகிறது, 2 நிமிடம் என்று விட்டால் ஓரம் காய்ந்து டிபோசிட். இன்னும் நாலு சொட்டு சேர்க்க வேண்டும். மார்கழியில் ஓசூர் குளிரில் அதே சாயம் மெதுவாகத்தான் பிடிக்கும், அங்கே இருக்கிற நண்பர் என் 7 நிமிடத்தைக் காப்பி அடித்துவிட்டு வெளிறிய ஸ்லைடு என்று என்னைத் திட்டினார். அவருக்கு 10 தேவைப்பட்டது.

புது பாட்டில் திறந்தால் அன்று காலையில் என் விரலையோ பையன் விரலையோ குத்தி நாலு ஸ்மியர் இழுப்போம். இரண்டு பழைய பாட்டிலில், இரண்டு புதியதில், ஒரே பஃபர். சிவப்பணு சால்மன் நிறமா, நியூட்ரோஃபில் குருணை தெரிகிறதா, ஈயோசினோஃபில் ஆரஞ்சா செங்கல்லா, பிளேட்லெட் ஊதாவா, அவ்வளவுதான் பார்ப்பது. சரியாக வரவில்லை என்றால் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம், அப்போதும் வரவில்லை என்றால் பாட்டில் திரும்பிப் போகும். முதல் முறை திருப்பி அனுப்பியபோது டிஸ்ட்ரிபியூட்டர், "அண்ணா, இத்தனை வருஷத்துல யாருமே ஸ்டெயினைத் திருப்பி அனுப்பினதில்லை" என்றார்.

டாக்டரம்மாவுக்கும் இப்போது ஒவ்வொரு ஸ்லைடோடும் ஒரு துண்டுச் சீட்டு போகிறது: லாட் நம்பர், பஃபர் போட்ட தேதி, எத்தனை நிமிடம். போன வாரம் திறந்த லாட் கொஞ்சம் மந்தம். பழையதில் 7 நிமிடம் போதும், இதில் 9 ஆகிறது. பாட்டில் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 9 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.